ஒரே படம், ஒரே சுவர், முப்பது ஆண்டு இடைவெளி: ஹிர்ஷ்ஹார்ன் ஒளிக்காட்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1988 அக்டோபர் 25, 26, 27 ஆகிய மூன்று இரவுகளில், வாஷிங்டன் நகரிலுள்ள ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு இரண்டு கைகள் தோன்றின. ஒரு கை எரியும் மெழுகுவத்தியைப் பிடித்திருந்தது. மறு கை துப்பாக்கியை நீட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே, மேடைப் பேச்சாளருக்கு முன்னால் வைப்பதைப் போல ஒலிவாங்கிகள் வரிசையாக நின்றன. முகமோ எழுத்தோ ஒலியோ இல்லை. மூன்றாம் இரவு முடிந்ததும் புரொஜெக்டர் அணைக்கப்பட்டது. சுவர் பழையபடி சுவராயிற்று. 2018 பிப்ரவரியில் அதே படம் அதே சுவரில் மீண்டும் ஏற்றப்பட்டது. இம்முறையும் மூன்று இரவுகள் என்றுதான் அறிவிப்பு. அறிவித்தபடி அது நடந்து முடியவில்லை.

இந்தக் கலைப்படைப்பை உருவாக்கியவர் க்ஷிஷ்டோஃப் வோடிச்கோ. 1943இல் வார்சாவில் பிறந்தவர். தொழில்துறை வடிவமைப்பு பயின்று, போலந்தின் ஒளியியல் கருவித் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வடிவமைப்பாளராகப் பணியாற்றியபின் 1977இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். லென்ஸையும் விளக்கையும் தொழிலாகக் கையாண்டவர் என்பதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அவருடைய ஒளிக்காட்சிகளில் எதைக் காட்டுவது என்ற கேள்வியும், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எந்தத் தொலைவிலிருந்து காட்டுவது என்ற கேள்விகளும் ஒரே எடையுடன் நிற்கின்றன. தம் படைப்புகள் பலவற்றுக்கு அவை காட்டப்பட்ட கட்டடத்தின் அல்லது ஊரின் பெயரையே அவர் தலைப்பாக வைத்திருப்பதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

பொது இடத்து ஒளிக்கலையைப் பற்றிப் பேசும்போது படத்தை மட்டும் எடுத்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருக்கிறது. மெழுகுவத்தி அமைதிக்கு, துப்பாக்கி வன்முறைக்கு, ஒலிவாங்கி ஊடகத்துக்கு என்று அகராதி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஹிர்ஷ்ஹார்ன் நிகழ்வில் அந்த அகராதி பயன்படுவதில்லை. படம் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். ஆனாலும் 1988இல் அது சொன்னதும் 2018இல் அது சொன்னதும் வேறுவேறு. நடுவில் மாறியவை எவை என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

சுவர்

ஹிர்ஷ்ஹார்ன் கட்டடம் 1974இல் திறக்கப்பட்டது. கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது. 231 அடி விட்டமும் 82 அடி உயரமும் கொண்ட, நடுவில் முற்றமுள்ள உருளை வடிவக் கட்டடம். நான்கு பெருந்தூண்கள் அதைத் தரையிலிருந்து 14 அடி உயரத்தில் தூக்கிப் பிடித்திருக்கின்றன. வெளிப்புறம் ஏறக்குறைய முழுவதும் சாளரமற்ற கான்கிரீட். இளஞ்சிவப்புக் கருங்கல் துகள் கலந்தது. நேஷனல் மாலை நோக்கிய பக்கத்தில் மட்டும் நீண்ட பால்கனித் திறப்பு ஒன்று இருக்கிறது. மால் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கடைத்தொகுதிதான் நினைவுக்கு வரும். இங்கே அது அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் இடையே விரிந்து கிடக்கும் புல்வெளி. அந்நாட்டின் பேரணிகளும் பதவியேற்பு விழாக் கூட்டங்களும் கூடும் இடம். அருங்காட்சியகம் இந்த இரண்டு அடையாளங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்திருக்கிறது. அது அரசு நிதி பெறும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஓர் அங்கம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுவரில் இரண்டு கைகளை ஏற்றும்போது என்ன நடக்கிறது? முதலில், கைகளுக்கு உடல் கிடைத்துவிடுகிறது. உருளையின் அகன்ற மார்பு, தூக்கிப் பிடித்த தூண்கால்கள், நடுவே வாய்போல் திறந்த பால்கனி ஆகிய அனைத்தும் சேர்ந்து, படத்தில் இல்லாத மனிதனைக் கட்டடமே நிரப்பிக் கொடுக்கிறது. அதே ஸ்லைடை ஒரு தட்டையான வெள்ளைத் திரையில் போட்டால் இரண்டு வெட்டப்பட்ட கைகள் மட்டுமே தெரியும். மாலின் நடுவே நிற்கும் அரசு அருங்காட்சியகத்தில் போட்டால், மெழுகுவத்தியும் துப்பாக்கியும் ஏந்தி ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நிற்பது அந்த நிறுவனமே, அதன்வழி அரசே, என்ற தோற்றம் உண்டாகிறது. இந்தப் பொருளில் பாதி ஸ்லைடில் இல்லை.

சுவரின் வளைவும் பேசுகிறது. குவிந்த பரப்பில் ஒளி நடுப்பகுதியில் நேராக விழும். விளிம்பை நோக்கிப் போகப்போகச் சாய்ந்து விழும். சாய்ந்து விழும் இடத்தில் அதே அளவு ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால் வெளிச்சம் குறையும். பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கும் இது பொருந்தும். நேர் எதிரே நிற்பவருக்கு இரண்டு கைகளும் சமமாகத் தெரியும். பக்கவாட்டில் நடந்து வருபவருக்கு அருகிலுள்ள கை விரிந்தும் எதிர்ப்பக்கத்துக் கை சுருங்கியும் தெரியும். புல்வெளியின் ஒரு கோடியிலிருந்து நடந்து வருபவர் மெழுகுவத்தியை முதலில் சந்திக்கக்கூடும். எதிர்க்கோடியிலிருந்து வருபவர் துப்பாக்கியை. காட்சிக்கூடத்துச் சட்டத்துக்குள் இருக்கும் ஓவியத்துக்கு இந்த வேறுபாடு அநேகமாகக் கிடையாது.

கறுப்பை ஒளியால் வரைய முடியாது

ஒளிவீச்சைப் பற்றிய ஓர் எளிய உண்மையை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் கருவி ஒளியை அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவது சுவரின் சொந்த இருட்டு. வீட்டிலுள்ள ஒரு சிறு புரொஜெக்டரை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பி, கறுப்புப் பின்னணியில் ஒரு கையின் படத்தைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். அறை விளக்கு எரியும்போது படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் சுவர் வெளிறியே தெரியும்; கை வெளிறிய கறை போல் இருக்கும். விளக்கை அணைத்தவுடன் கையைச் சுற்றியுள்ள சுவர் இருண்டுவிடுகிறது. கை மட்டும் சுவரிலிருந்து வெளியே நீண்டதுபோல் வந்து நிற்கிறது. படம் மாறவில்லை, கருவியும் மாறவில்லை. அறையில் இருந்த மற்ற ஒளி மட்டுமே விலகியது.

தெருவில் அந்த விளக்கை நம்மால் அணைக்க முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் உயரமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட படம் 600 சதுர மீட்டர் பரப்புக்கு விரியும். 30,000 லூமன் (கருவி தரும் ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) திறனுள்ள புரொஜெக்டரின் ஒளி முழுவதும் அந்தப் பரப்பில் விழுந்தாலும் சதுர மீட்டருக்கு 50 லூமன், அதாவது 50 லக்ஸ்தான் கிடைக்கும். நன்கு விளக்கிட்ட சாலையின் தரையில் 10 முதல் 20 லக்ஸ் வரை இருப்பது வழக்கம். நிலவு நிறைந்த இரவில் கால் லக்ஸ் அளவு. ஆக, தெருவிளக்கு நேராகப் படும் சுவரில் 50 லக்ஸ் படம் சோகையாகத்தான் இருக்கும். அதே படம் இருண்ட சுவரில் தெளிவாக நிற்கும். கருமையான கல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் சுவரின் நிறமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். பொது இடத்தில் ஒளிக்காட்சி அமைப்பவர்கள் முதலில் படத்தைத் தேடாமல் சுவரைத் தேடுவதும், இரவில் வெறுமனே போய் நின்று சுற்றியுள்ள விளக்குகளை எண்ணுவதும் இதனால்தான்.

ஹிர்ஷ்ஹார்ன் சுவர் இந்த வகையில் அரிய சுவர். சாளரங்களின் ஒளி குறுக்கிடாத அகன்ற பரப்பு, எதிரே திறந்த புல்வெளி, தோலின் நிறத்துக்கு ஒத்துவரும் இளஞ்சிவப்புக் கல். கைகளுக்கு நடுவே இருண்டு கிடக்கும் பகுதி படத்தின் பின்னணியாகத் தோன்றினாலும், அது ஒளிபடாமல் விடப்பட்ட கட்டடமே. அந்த மனிதனின் மார்பு எந்தப் பொருளால் ஆனது என்று கேட்டால் கான்கிரீட்டால் என்பதே நேரான விடை.

1988: ஒரே ஆளின் இரு கைகள்

காட்சி நடந்த நாட்களை நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தல் 1988 நவம்பர் 8. கடைசிக் காட்சிக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே 12 நாட்களே இருந்தன. ஆகஸ்ட் 18 அன்று குடியரசுக் கட்சியின் வேட்பாளர் நியமனத்தை ஏற்றுப் பேசிய ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், தன்னார்வத் தொண்டு அமைப்புகளை ஆயிரம் ஒளிப்புள்ளிகள் என்று வருணித்தார். அதே உரையில், கொடுங்குற்றங்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்பதைத் தமக்கும் எதிர் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸுக்கும் இடையிலான வேறுபாடாக எடுத்து வைத்தார். அக்டோபர் 13 அன்று நடந்த இரண்டாம் விவாதத்தில், டுகாகிஸின் மனைவியே கொலையுண்டால் கொலையாளிக்கு மரண தண்டனை கேட்பாரா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அந்த விவாதம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், மெழுகுவத்தியும் துப்பாக்கியும் ஏந்திய கைகள் ஒலிவாங்கிகளுக்குப் பின்னால் எழுந்தன.

அன்றைய பார்வையாளருக்கு மெழுகுவத்தி பொதுவான அமைதிச் சின்னமாக நின்றிருக்க முடியாது. ஒளிப்புள்ளி என்ற சொல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த நேரம் அது. கருணையை வாக்களிக்கும் வாயும் தண்டனையை வாக்களிக்கும் வாயும் ஒன்றே என்பதுதான் அந்தப் படத்தின் கூர்மை. இரண்டு கைகளும் ஒரே உடலுக்கு உரியவை. ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் ஏற்கச் செய்யும் மேடைத் தந்திரம் அங்கே அம்பலப்பட்டது. படத்தை அஞ்சத்தக்கதாக்கியது துப்பாக்கியைவிட மெழுகுவத்தி என்றே நான் கருதுகிறேன். துப்பாக்கி தன்னை மறைத்துக்கொள்வதில்லை. மெழுகுவத்தியோ அதற்குப் பக்கத்தில் நின்று அதை ஏற்கத்தக்கதாக ஆக்குகிறது.

மூன்றே இரவுகள் என்ற கால அளவையும் இந்தப் பொருளின் பகுதியாகவே கொள்ள வேண்டும். 1983இல் எழுதிய கட்டுரையொன்றில் வோடிச்கோ ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்திருக்கிறார்: படத்தின் தாக்கம் தேய்ந்து, கட்டடம் அதைத் தன் அலங்காரமாக விழுங்கிக்கொள்ளும் முன்பே புரொஜெக்டரை அணைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறை அறிவு நிறைந்த எச்சரிக்கை அது. திருவிழாக் காலங்களில் அரண்மனைகளிலும் பாலங்களிலும் வாரக்கணக்கில் ஓடும் ஒளிக்காட்சிகளை நினைத்துப் பார்த்தால் போதும். எத்தனை அழகாக இருந்தாலும் பத்தாம் நாள் அது கட்டடத்தின் வண்ணப்பூச்சாகிவிடுகிறது; யாரும் நின்று பார்ப்பதில்லை.

அனுமதி பெற்ற சுவரும் பெறாத சுவரும்

ஹிர்ஷ்ஹார்ன் காட்சிக்கு மூன்றாண்டு முன்பு, 1985இல், இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். நெல்சன் தூணின்மீது படம் வீச வோடிச்கோவுக்கு அனுமதி இருந்தது. சதுக்கத்தின் ஓரத்தில் நின்ற தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின்மீது இல்லை. நிறவெறி அரசின் தூதுக் குழு ஒன்று பிரித்தானிய அரசிடம் நிதி உதவி கேட்டு வந்திருந்த வேளையில், அவர் புரொஜெக்டர் ஒன்றைத் திருப்பி, தூதரக முகப்பின் முக்கோணப் பகுதியில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தை வீசினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அது அங்கே இருந்தது. பொதுத் தொல்லை என்று சொல்லிக் காவல்துறை நிறுத்தியது.

இதில் படம் என்று சொல்ல என்ன இருக்கிறது? உலகில் யாருக்கும் தெரிந்த ஒரு சின்னம். கலைஞர் அதில் ஒரு கோடுகூடப் புதிதாக வரையவில்லை. அவர் செய்தது கருவியின் திசையை மாற்றியது மட்டும். தூதரகம் என்ற கட்டடம், தூதுக் குழு வந்திருந்த நேரம், அனுமதியில்லாத நிலை, காவல்துறை வந்து அணைத்த முடிவு ஆகிய நான்கும் சேர்ந்தே அந்தப் படைப்பு உருவாயிற்று. இதே சின்னத்தை ஓர் அருங்காட்சியகத்தின் உள்சுவரில் காட்டினால் அது வரலாற்றுக் குறிப்பாகவே நிற்கும்.

ஹிர்ஷ்ஹார்னில் நிலைமை இதற்கு நேரெதிர். கட்டடத்தின் உரிமையாளரே அழைத்துக் காட்டிய காட்சி அது. காவலர் வந்து நிறுத்தும் வாய்ப்பு அங்கே இல்லை. இதனால் படைப்பின் கூர்மை ஓரளவு மழுங்குகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இன்னொரு பொறுப்பு பிறக்கிறது. அணைக்கும் சுவிட்ச், கட்டடத்தையும் கலைஞரையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கைக்கு வருகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சுவிட்சைப் பற்றித்தான் முடிவெடுக்க வேண்டி வந்தது.

2018: பிரிந்துபோன கைகள்

2018இல் இந்தக் காட்சி திரும்பி வந்தபோது அதற்கு ஒரு புதிய சட்டகம் கிடைத்தது. 1980களின் கலையையும் வணிகப் பண்டத்தையும் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றை அருங்காட்சியகம் பிப்ரவரி 14 அன்று திறப்பதாக இருந்தது. அதையொட்டி, அந்தப் பத்தாண்டின் முக்கியமான படைப்பு ஒன்றின் மறுநிகழ்வு என்ற முறையில், பிப்ரவரி 13 முதல் 15 வரை கைகளை மீண்டும் சுவரில் காட்டத் திட்டமிட்டார்கள். மறுநிகழ்வு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது பார்வையாளரைப் பின்னோக்கித் திருப்புகிற சொல். இது அன்றைக்குச் சொல்லப்பட்டது, இன்று நினைவுக்காகப் பாருங்கள் என்று முன்கூட்டியே தோளைத் தொட்டுச் சொல்லிவிடுகிறது. படம் மாறாவிட்டாலும் வினைச்சொல்லின் காலம் மாறிவிட்டது.

பிப்ரவரி 14 பிற்பகலில் ஃபுளோரிடா மாநிலத்தின் பார்க்லாண்டில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 14 மாணவர்களும் 3 பணியாளர்களும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாலை அந்த ஊர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்தினார்கள். ஹிர்ஷ்ஹார்ன் நிர்வாகம், கலைஞரோடு கலந்து, எஞ்சிய காட்சியைத் தள்ளிவைத்தது. பிறகு மார்ச் மாதத்தில் அது மீண்டும் காட்டப்பட்டது.

ஒரே நாளில் அந்தப் படத்துக்கு என்ன ஆயிற்று என்பதை உறுப்பு உறுப்பாகப் பார்க்கலாம். மெழுகுவத்தி ஒரு வேட்பாளரின் உரையிலிருந்து கழன்று, பூங்காவில் அழுதுகொண்டு நின்றவர்களின் கைக்குப் போய்விட்டது. துப்பாக்கி தண்டனைச் சட்டத்தின் உருவகமாக இருந்த நிலை போய், ஒரு குறிப்பிட்ட வகுப்பறையில் வெடித்த ஆயுதத்தைச் சுட்டத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கைகளும் ஒரே உடலுக்கு உரியவை என்ற இணைப்பு அறுந்துவிட்டது. 1988இல் ஒரே ஆளின் இரட்டை வேடத்தைக் காட்டிய கைகள், 2018 பிப்ரவரி 15 அன்று சுட்டவனின் கையாகவும் துக்கம் அனுசரிப்பவரின் கையாகவும் பிரிந்து தெரிந்திருக்கும். அவற்றை ஒரே கட்டடத்தின் இரு தோள்களில் பொருத்திக் காட்டுவது, கொன்றவனையும் இழந்தவரையும் ஒரே மார்பில் கட்டுவதாக, அந்த இரவில் மட்டும், மிகக் கொடுமையான பொருளைத் தந்திருக்கும். கலைஞர் அதை எந்நாளும் எண்ணியிருக்க மாட்டார். ஆனாலும் சுவர் அப்படித்தான் சொல்லியிருக்கும். பொதுவெளியில் நடந்து போகிறவரிடம் 1988 தேர்தலின் பின்னணியைக் கையேடாகக் கொடுத்து அனுப்ப முடியாது.

அணைத்தது சரியா

இதைப் பற்றி இரு தரப்பிலும் வாதிட இடமுண்டு. துப்பாக்கி வன்முறையைப் பற்றிய படம் மிகவும் தேவைப்படும் இரவு அதுதானே, அந்த இரவில் அதை அணைப்பது கோழைத்தனம் ஆகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும், அணைத்தது சரி என்பதே என் முடிவு. காட்சிக்கூடத்துக்குள் இருக்கும் படைப்பைப் பார்க்க விரும்புகிறவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார்; வேண்டாதவர் வராமல் இருக்கலாம். மூன்று மாடி உயரத்தில், நகரின் நடுப் புல்வெளியை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிக்கு அந்தக் கதவு இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவர், பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டுச் செய்தியைக் கேட்ட ஒருவர், கேட்காமலேயே அதை எதிர்கொள்ள வேண்டும். பொது இடத்தில் காட்டும் உரிமையோடு, நேரத்தைப் பார்த்து நிறுத்தும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

அதே வேளையில், தள்ளிவைத்ததோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். சுவிட்சை அணைத்தவர்களே அதை மீண்டும் போட்டார்கள் என்பதுதான் இந்த நிகழ்வின் மதிப்பு. பொது இடத்துப் படைப்புகள் சங்கடமான நேரத்தில் ஓசையின்றி இறக்கப்பட்டு, பிறகு யாரும் நினைவுபடுத்தாமலே மறைந்துபோவது எத்தனையோ இடங்களில் நடக்கிறது. இங்கே அப்படி ஆகவில்லை.

மார்ச்சில் திரும்பி வந்தபோது படம் மூன்றாவது முறையாகப் பொருள் மாறியிருந்தது. இம்முறை மாற்றம் நிகழ்ந்தது ஒலிவாங்கிகளில். 1988இல் அவை அரசியல்வாதிக்கு உரியவை என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. பார்க்லாண்டுக்குப் பின் சில நாட்களிலேயே, உயிர் பிழைத்த மாணவர்கள் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் வந்து துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் அழைப்பு விடுத்த பேரணி மார்ச் 24 அன்று வாஷிங்டனில் நடந்தது. அது நடந்த பென்சில்வேனியா அவென்யூ, மாலின் வடபுறத்தில், இந்தச் சுவரிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஆகவே மார்ச் மாதத்துப் பார்வையாளருக்கு, சுவரில் வரிசையாக நின்ற ஒலிவாங்கிகள் காலியான இடமாக, யாரோ வந்து நின்று பேசவேண்டிய இடமாகத் தெரிந்திருக்கக்கூடும். ஸ்லைடில் எதுவும் மாறாமல், நடுவில் இருந்த பொருளின் சொந்தக்காரர் மாறிவிட்டார்.

ஒலியின்மை இங்கே எப்படிப் பயன்பட்டது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வோடிச்கோ பின்னாளில் குரலைச் சேர்த்துக்கொண்டார். 1999 ஆகஸ்டில் ஹிரோஷிமாவின் அணுகுண்டுக் குவிமாடத்துக்குக் கீழே, ஆற்றங்கரைச் சுவரில், உயிர் பிழைத்தவர்களின் கைகளை மட்டும் காட்டி அவர்களுடைய குரலை ஒலிக்கச் செய்தார். அங்கும் கைகள்தான், முகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கைக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது; விரல் நடுங்கினால் யாருடைய விரல் என்று தெரிந்தது. குரல் சேர்ந்த படத்தின் பொருள் இவ்வளவு எளிதில் இடம் மாறாது. ஹிர்ஷ்ஹார்ன் கைகள் ஊமையாக இருந்ததனால்தான் ஒவ்வொரு காலத்தின் குரலும் அவற்றுக்குள் புகுந்துகொள்ள முடிந்தது. அதன் பலமும் ஆபத்தும் இந்த ஊமைத்தன்மையே.

ஒளிப்படத்தில் எஞ்சுவது

1988க்கும் 2018க்கும் இடையே முப்பது ஆண்டுகள் இந்தப் படைப்பு எங்கே இருந்தது? ஒளிப்படமாக இருந்தது. அநேகமாக நம்மில் எல்லோரும் அதை அப்படித்தான் அறிவோம். இரவுக் காட்சியை எடுக்கும் கேமரா நீண்ட நேரம் திறந்திருந்து ஒளியைச் சேர்க்கிறது. அதனால் அச்சில் கைகள் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியதைவிட ஒளிர்கின்றன, நடந்து போனவர்கள் மங்கி மறைகிறார்கள், கட்டடம் முழுவதும் ஒரே பார்வையில் நேர் எதிரே அடங்கிவிடுகிறது. புல்வெளியில் நடந்து வரும்போது கைகள் மெல்ல மெல்ல விரிவது, கழுத்தை உயர்த்திப் பார்ப்பது, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் என்ன நினைக்கிறார் என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது ஆகியவை அதில் இல்லை.

இந்த இழப்பைத் தன் படைப்புக்குள்ளேயே எடுத்துக்கொண்ட கலைஞரும் உண்டு. ஷிமோன் அட்டி 1991 முதல் பெர்லினின் ஷோய்னன்ஃபியர்ட்டல் பகுதியில், போருக்கு முந்தைய யூத வாழ்வின் பழைய ஒளிப்படங்களை, முடிந்தவரை அவை எடுக்கப்பட்ட அதே முகவரிகளில், முடியாதபோது அருகிலுள்ள சுவர்களில் வீசினார். தெருவில் ஓரிரு மாலைகள் மட்டும் தெரிந்த அந்தக் காட்சிகளை அவர் வண்ணத்தில் படமெடுத்து, அந்தப் படங்களையும் தனிப் படைப்பாகவே முன்வைத்தார். கறுப்பு வெள்ளையில் ஒரு புத்தகக் கடைக்காரர், அவரைச் சுற்றிப் பெயர்ந்துபோன வண்ணச்சுவர். தெருவில் நின்றவருக்குத் தம் அண்டை வீட்டின் கடந்த காலம் திடீரென்று எழுந்து வந்தது. காட்சிக்கூடத்தில் பார்ப்பவருக்கு இரண்டு காலங்களின் நிறவேறுபாடு அமைதியாக விளங்குகிறது. இரண்டும் வேறு அனுபவங்கள் என்பதை அட்டி ஒப்புக்கொண்டே வேலை செய்திருக்கிறார்.

ஹிர்ஷ்ஹார்ன் படத்தை அச்சிடும் நூல்களும் தளங்களும் பெரும்பாலும் படத்துக்குக் கீழே கலைஞர் பெயரையும் ஆண்டையும் மட்டும் போடுகின்றன. இந்த நிகழ்வைப் படித்தபின் அந்த ஒற்றை வரி எனக்குப் போதவில்லை. 1988 அக்டோபரின் மூன்று தேதிகளையும், தேர்தல் எத்தனை நாள் தொலைவில் இருந்தது என்பதையும், சுவர் எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும், 2018 பிப்ரவரியில் காட்சி ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்பதையும், மார்ச்சில் அது திரும்ப வந்ததையும் அந்தக் குறிப்பில் சேர்க்க வேண்டும். நான்கைந்து வரிகள் கூடும். பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.